வசூலுக்குப் போன இடத்தில் மறக்க முடியாத முகம்

கௌரி_தாம்பரம்:
அம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில்தான் பார்த்தோம். முதல் வருஷ திதி வந்தபோது எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக நன்கொடை கேட்டு அங்கேயே கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்றாம் மாடியில் ஒரு அக்கா கதவைத் திறந்தார். தலையில் பருத்தித் துண்டு, பின்கழுத்தில் அம்மா போடும் அதே முடிச்சு. புருவம் இல்லை. நோட்டீஸை நின்று நிதானமாகப் படித்தார். 500 ரூபாய் கொடுத்துவிட்டு, "உங்க அம்மாவுக்கு முடி எத்தனை மாசத்துல வந்துச்சு?" என்றார். "மூணு மாசத்துல துளிர்த்துச்சு, சுருட்டையா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப நல்லா இருக்காங்க" என்றும் சொல்லிவிட்டேன். கீழே இறங்கிய பிறகுதான் நோட்டீஸின் முதல் வரி கண்ணில் பட்டது: 'அம்மாவின் நினைவாக'.

வாசன்_யாழ்:
தங்கச்சி, நீங்கள் சொன்னது பிழையில்லை. எங்கட அப்பாவைக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த்தான் வைத்தியம் பார்த்தோம். 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்க்கத் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை நடந்து வந்தார்களே, கடைசி நாள் நானும் சேர்ந்து நடந்தேன். பக்கத்தில் வந்த சிங்கள ஐயா சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, "அம்மா" என்றார். அவர்களுக்கும் அதே சொல்தான். நான் "தாத்தா" என்றேன், அப்பாவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். படத்துக்காகக் கையை நீட்டினார். என்னிடம் படம் இல்லை.

சேகர்_கோவை:
வாசன் அண்ணா, மன்னிக்கணும், அது தப்புதான். என் அப்பாவுக்கு வாய்ப்புற்று. வந்தவர்கள் எல்லோரும் "சரியாயிடும்" என்றே சொன்னதில், பேச வேண்டியதைப் பேசாமலே போய்விட்டார்.

அப்புறம் கௌரி, இனிமேல் வசூல் செய்தால் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். மொத்தமாகச் சேர்த்து உங்கள் பேரில் கட்டினால் ரசீதும் உங்கள் பேரில்தான் வரும். அவரவரையே நேராக நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கிய தொகையை நோட்டில் எழுதி, கொடுத்தவர் கண்முன்னே காட்டுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நாலு பேரிடம் கேட்டுத்தானே 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் அந்த கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார்.

கௌரி_தாம்பரம்:
ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனியாகத்தான் கட்டினேன் சார். அந்த அக்காவின் 500 ரூபாய் ரசீது மட்டும் இன்னும் என் பையில் இருக்கிறது. மூன்றாம் மாடி ஏறக் கால் வரமாட்டேன் என்கிறது.