மறுமொழி: எனர்ஜி பேஸ்டு டிவைஸ் – ‘ஆற்றல்வழி’ சரி, ‘ஊடுருவா’ வேண்டாம்

குழுமத்துல எல்லாருக்கும் வணக்கம்,

‘எனர்ஜி பேஸ்டு டிவைஸ்’ (ஒளி, மின்சாரம், ஒலி, குளிர்னு ஏதாவது ஒண்ணால தோலுக்கு சிகிச்சை பண்ற மெஷின்), ‘நான்இன்வேசிவ்’ (உடம்பை வெட்டாம பண்றது), இந்த ரெண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடற இழையை முதல்லேர்ந்து படிச்சிட்டேன். ரெண்டு பக்கமும் நல்லாவே வாதாடியிருக்கீங்க, ஆனா பேச்சு முழுக்க புணர்ச்சி விதியிலயும் வேர்ச்சொல்லுலயும் சுத்திக்கிட்டு இருக்கு, இந்தச் சொல்லு யார் கையில போய்ச் சேரப்போகுதுங்கறத யாரும் எடுக்கலை. நான் இந்த மெஷின்களை சர்வீஸ் பண்றவன். ஒரு தோல் கிளினிக்ல சிகிச்சைக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஒப்புதல் படிவத்தை தமிழ்ல எழுதித் தரச்சொல்லி கேட்டிருக்காங்க, அதனாலதான் இவ்வளவு பிடிவாதமா எழுதறேன்.

முடி எடுக்கற மெஷின், முகத்தை இறுக்கற மெஷின், தொப்பை குறைக்கற மெஷின், எது வெச்சாலும் நம்ம ஊர்ல “லேசர் பண்ணிட்டு வந்தேன்”னுதான் சொல்றாங்க. வாசல் போர்டும் அப்படித்தான். உள்ள இருக்கற பெட்டி ஒவ்வொண்ணும் வேற ரகம். லேசரும் ஐபிஎல்லும் (பல அலைநீளம் கலந்த ஒளியைத் துடிப்பா அடிக்கற விளக்கு) ஒளி. ஆர்எஃப்ல (ரேடியோ ஃப்ரீக்வென்சி) மின்னோட்டம் தோலுக்குள்ள ஓடுது, திசு அதுக்குக் காட்டற தடையாலதான் சூடு வருது. ஹைஃபூ, அதாவது ஒரு புள்ளியில குவிச்சு விடற அல்ட்ராசவுண்டு, ஒலி. கொழுப்பைக் குளிர வைக்கறது இது எதுலயும் சேராது. எல்லாத்தையும் லேசர்னு சொன்னா என்ன கெட்டுப்போச்சுன்னு போன மடல்ல ஒருத்தர் கேட்டிருந்தார். நிறையவே கெடும். பேஸ்மேக்கர் வெச்சிருக்கற ஒரு பெரியவர் ‘லேசர்தானே’ன்னு படுத்தா அதப்பத்தி வாயத் தொறக்க மாட்டார், உடம்புல மின்சாரம் ஓடப்போகுதுன்னு தெரிஞ்சாதான் சொல்லணும்னே தோணும். குளிர் பட்டா உடம்பு தடிக்கறவங்களுக்கு குளிர் மெஷின் ஆகவே ஆகாது. எந்த ஆற்றல்னு சொல்லு காட்டிக்கொடுத்தாத்தான் சரியான கேள்வி வெளிய வரும். எனக்கு வேண்டியது அந்த மாதிரி சொல்லு.

> ‘ஆற்றல் செலுத்தி’ன்னு வெச்சா சுருக்கமா இருக்கும், செயலி உலாவி மாதிரி நாக்குல நிக்கும்.

ஐயா, நாக்குல நிக்கும், ஒத்துக்கறேன். ஆனா குளிர் மெஷின் ஆற்றலை செலுத்தறதில்ல, உறிஞ்சி எடுக்குது. இடுப்பு மடிப்பை கப்புக்குள்ள இழுத்துப் பிடிச்சு வெப்பத்தை வெளிய எடுக்கறதுதான் அதோட மொத்த வேலையும். தண்ணி உறையறதுக்கு முன்னாடியே கொழுப்பு கட்டிதட்டிடும், அதனால கொழுப்பு செல் மட்டும் அடிபட்டு மெதுவா ரெண்டு மூணு மாசத்துல கரையும், மேல்தோல் தப்பிச்சுக்கும். 1970லயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல ஐஸ் குச்சியை வாயில வெச்சிருந்த குழந்தைக்கு கன்னத்துக் கொழுப்பு பாதிச்சதை எழுதியிருக்காங்க, அந்த மாதிரி கவனிப்புகளைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் பாஸ்டன்ல இந்த முறையை உருவாக்கினாங்க, 2010ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இடுப்புப் பக்கவாட்டுக்கு அனுமதி கொடுத்துச்சு. ‘செலுத்தி’ன்னு வெச்சா இது வெளிய போயிடும். ‘ஆற்றல்வழி’ன்னா குடுத்தாலும் எடுத்தாலும் ரெண்டும் அடங்கும். இழையில வந்த இன்னொரு சொல்லு ‘ஆற்றல்சார்’, அது தப்பில்ல, ஆனா ‘சார்’ எல்லாத்துலயும் ஒட்டுது, மின்விசிறி கூட ஆற்றல்சார் கருவிதான்.

‘அழகியல்’ங்கறதையும் படிவத் தலைப்புலேர்ந்து எடுத்துடலாம்னு கேட்டுக்கறேன். கலை பத்தின தத்துவத்துக்கு அந்தச் சொல்லு ஏற்கனவே போயாச்சு, அது ஒரு காரணம். இன்னொண்ணு பெருசு. இந்தத் துறைக்கே அடிப்படை போட்டது 1983ல ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதின கட்டுரை. சரியான நிறத்து ஒளியை சரியான நேர அளவுக்கு துடிப்பா விட்டா சுத்தி இருக்கற திசுவை விட்டுட்டு குறிவெச்ச இடத்தை மட்டும் சுடலாம்னு அதுல காட்டினாங்க. அந்த வழியில முதல்ல பலன் அடைஞ்சவங்க பிறவியிலேயே முகத்துல செவ்வூதா மச்சத்தோட பிறந்த குழந்தைங்க. தீக்காயத் தழும்புக்கும் இதே மெஷின்தான். அவங்க கிட்ட ‘அழகு’ன்னு தலைப்பு போட்ட தாளை நீட்டக்கூடாது. ‘ஆற்றல்வழித் தோல் சிகிச்சை’, அது போதும்.

இப்ப ‘ஊடுருவா’. இதுலதான் நான் கண்டிப்பா நிக்கறேன்.

> நான்இன்வேசிவ் = ஊடுருவா. அகராதியில இருக்கு, புதுசா எதுக்கு?

புற்றுநோய்க்கு ‘ஊடுருவும்’னு எழுதறது சரி, நோய் உண்மையிலயே பக்கத்துத் திசுவுக்குள்ள போகுது. இங்க ஊடுருவறதுதான் வேலையே! 1064 நானோமீட்டர் அலைநீள லேசரை ஏன் வாங்கறாங்க, சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கி முடி வேருக்குப் போகும்னுதானே. ஹைஃபூ கார்ட்ரிட்ஜ் மேல 1.5, 3.0, 4.5ன்னு எண் போட்டிருக்கும், எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழ குவியும்ங்கற கணக்கு அது, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிச்சு காகிதத்தைச் சுடற மாதிரி ஒலியை உள்ள ஒரு புள்ளியில குவிச்சு அறுபது எழுபது டிகிரிக்கு கொண்டுபோகும், மேல்தோல்ல ஒரு அடையாளமும் இருக்காது. இதுக்கு ‘ஊடுருவா’ன்னு பேர் வெச்சா படிக்கறவங்க என்ன நினைப்பாங்க, மேலோட்டமா தடவிட்டுப் போற சமாச்சாரம்னு நினைப்பாங்க. அப்புறம் உள்ள சுரீர்னு வலிக்கும்போது பயந்து எழுந்திருக்கறாங்க.

‘கத்தியில்லா’ன்னு இழையில டாக்டரம்மா சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது, கத்தி வைக்காம முடிஞ்சுதுன்னு நம்ம பேச்சுலயே இருக்கு. ஆனா ஊசிமுனையோட வர்ற ஆர்எஃப் மெஷின் இருக்கே, வரிசையா நுண்ணூசி தோலுக்குள்ள இறங்கி முனையில மின்சாரத்தை விடும், அதுலயும் கத்தி இல்ல. கார்பன் டை ஆக்சைடு லேசர்லயும் கத்தி இல்ல, ஆனா அது தோலை ஆவியாக்கி நுண்துளை போட்டுடும், நீர் கசியும், பொருக்கு கட்டும், காயத்துக்கு பாக்கற மாதிரியே பாக்கணும். கத்தியில்லாங்கற ஒரே கூரைக்குள்ள இந்த ரெண்டும் நுழைஞ்சா நோயாளிதான் ஏமாறணும்.

அதனால என் முன்மொழிவு தோல்திறவா. மறவா, இறவா மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும்: தோல்திறவாச் சிகிச்சை. தோல் திறந்துக்குதா இல்லையாங்கறதுதான் இங்க கோடு. ஹைஃபூ, குளிர் முறை, சாதா ஆர்எஃப், முடி எடுக்கற லேசர் எல்லாம் திறவா. நுண்ணூசி ஆர்எஃப்பும் ஆவியாக்கற லேசரும் திறக்கற வகை. பேச்சுல “தோலைத் திறக்காம பண்றது”ன்னு நர்ஸ் சொன்னா பாட்டிக்கும் புரியும். திறந்தா கிருமி போகும், தண்ணி படக்கூடாது, வெயில்ல போகக்கூடாதுன்னு அடுத்த பேச்சும் தானா வந்துடும்.

ஐபிஎல்லை அப்படியே விட்டுடலாம்னு சிலர் சொல்றீங்க. தமிழ்நாட்டுல ஐபிஎல்னா கிரிக்கெட், தாள்ல அத மட்டும் போட்டா விளங்காது. ‘துடிப்பொளி’ அழகான சொல்லு, ஆனா லேசர்லயும் துடிப்பா விடறது நிறைய இருக்கு, அது பிரிச்சுக் காட்டாது. வித்தியாசம் நிறத்துல இருக்கு. லேசர் ஒரே அலைநீளம், தமிழ்ல சீரொளின்னும் சொல்றாங்க. ஐபிஎல் விளக்கு சுமாரா 500லேர்ந்து 1200 நானோமீட்டர் வரைக்கும் கலந்துகட்டி அடிக்கும், கைப்பிடி முன்னாடி ஒரு வடிகட்டிக் கண்ணாடியை செருகித்தான் குறுகின அலையைத் தடுக்கறாங்க. நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் அந்தக் கண்ணாடிதான் உயிர். தப்பான கண்ணாடியைப் போட்டு லேசர்னு சொல்லி ஒரு பார்லர்ல அடிச்ச கை ஒண்ணைப் பார்த்திருக்கேன், முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரை கைப்பிடி முனை அளவுக்கே செவ்வக செவ்வகமா, செங்கல் அடுக்கின மாதிரி கருத்துப் போயிருந்தது. தோலுக்கு நிறம் தர்ற மேல்தோல் மெலனின் ஒளியை முதல்ல குடிச்சுடுது, அங்கயே சுட்டுடுது. 755 நானோமீட்டர் லேசரை விட 1064 கருத்த தோலுக்கு பாதுகாப்புங்கறதும் இதனாலதான், அந்த நீளத்துல மெலனின் குறைவா உறிஞ்சும். ஆர்எஃப்புக்கும் ஹைஃபூவுக்கும் நிறமே கண்ணுல படாது. ஆக ‘பல்நிறத் துடிப்பொளி’. நீளம்தான், ஆனா “பல்நிறமா, அப்ப என் நிறத்துக்கு ஒத்துக்குமா”ன்னு ஒருத்தர் கேட்டுட்டா அந்த நீளத்துக்கு விலை கிடைச்சாச்சு.

மத்ததை சட்டுனு சொல்லிடறேன். ஹைஃபூவுக்கு ‘குவிமீயொலி’, இதுல சண்டையே வேண்டாம், அருமையா இருக்கு. குரோமோஃபோருக்கு, அதாவது திசுவுல ஒளியை உறிஞ்சற பொருளுக்கு, ‘நிறமி’ வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு லேசரோட 10600 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சறது தண்ணி, தண்ணி நிறமி இல்ல, ‘ஒளியுறிஞ்சி’ன்னா மெலனின், ரத்தம், தண்ணி மூணுக்கும் சரியா உக்காரும். குளிர் முறைக்கு ‘குளிர்வழிக் கொழுப்புச் சிதைவு’. அபூர்வமா குறையறதுக்கு பதிலா அந்த இடத்துல கொழுப்பு பெருத்துக் கட்டியா நிக்கும், அதுக்கு ‘முரண் கொழுப்புப் பெருக்கம்’, இது படிவத்துல பொடி எழுத்துல போகக்கூடாது.

ஆர்எஃப்ல மட்டும் எனக்கு இன்னும் திருப்தி இல்ல. ‘வானலை’ன்னா நம்மாளுக்கு ரேடியோ ஸ்டேஷன்தான் ஞாபகம் வருது, மின்சாரம் ஓடறது மறைஞ்சுபோகுது. ஒருமுனை மெஷின்ல முதுகுல ஒரு ஒட்டுப்பட்டை ஒட்டி வயர் இழுத்திருப்போம், முகத்துல போற மின்னோட்டம் அது வழியாத்தான் திரும்பி வரும், பட்டை சரியா ஒட்டலைன்னா அங்க சுட்டுடும். ‘வானலை மின்சூடு’ன்னு எழுதிப்பார்த்தேன், அதுல ‘மின்’ இருக்கறது எனக்கு முக்கியம். இதைவிட நல்லதா யாராவது சொன்னா மாத்திக்கறேன், ‘மின்’ மட்டும் விழக்கூடாது.

யாழ்ப்பாணத்துலேர்ந்து அண்ணை எழுதினதுக்கு: அங்க எனர்ஜிக்கு சக்தி, அல்ட்ராசவுண்டுக்கு கழியொலின்னு பள்ளிக்கூடத்துலயே படிக்கறாங்க, அதை மாத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்ல. சொற்பட்டியல்ல ‘ஆற்றல்வழி / சக்திவழி’, ‘குவிமீயொலி / குவிகழியொலி’ன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம். ‘தோல்திறவா’ ரெண்டு கரைக்கும் பொதுவா நிக்கும்னு நினைக்கறேன், அங்க வேற மாதிரி அர்த்தம் படுதான்னு மட்டும் அண்ணை பார்த்துச் சொல்லணும்.

‘ஊடுருவா’ தரப்புல இன்னும் நிக்கறவங்க நுண்ணூசி ஆர்எஃப்பை எந்தப் பக்கம் வெப்பீங்கன்னு சேர்த்து எழுதுங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள படிவம் அச்சுக்குப் போகணும், மறுப்பு வரலைன்னா மேல சொன்ன சொற்களையே போட்டுடறேன்.

அன்புடன்