வழக்காடாத ஒருவர் வக்கீல்களுக்கு அறம் சொல்லலாமா? (டேவிட் லூபன்)

செஷன்ஸ்கோர்ட்:
கட்சிக்காரருக்காகச் செய்வதற்கு வக்கீலும் அறப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்று எழுதும் அமெரிக்கப் பேராசிரியர் லூபனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம், அப்புறம் மேரிலாண்ட், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகங்கள் என்று ஆயுசு முழுக்க வகுப்பறைதான். சட்டப் பட்டம்கூடக் கிடையாது. கொலைகாரன் என்று தெரிந்தே ஒருவனுக்காக எழுந்து நின்றவனுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்.

கயல்விழி:
சார், அந்தப் பாரத்தை அவர் மறுக்கவே இல்லையே. குற்ற வழக்கில் எதிரே நிற்பது அரசு, போலீசும் சிறையும் அதன் கையில், அதனால் அங்கே வக்கீல் கடைசிவரை மல்லுக்கட்டலாம் என்பதுதான் 1988இல் வந்த அவர் புத்தகத்தின் வாதம். பெரிய கம்பெனிக்காக எளியவனை வருஷக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, நீதி நியாயம் எல்லாம் ஜட்ஜ் பாடு என்று ஒதுங்குகிறாரே, அவரைத்தான் கேட்கிறார்.

செஷன்ஸ்கோர்ட்:
எதில் மல்லுக்கட்டலாம், எதில் கூடாது என்ற கோட்டை யார் போடுவது? இன்றைக்கு கம்பெனி என்பீர்கள், நாளைக்கு ஊருக்குப் பிடிக்காதவனுக்கு வக்கீலே கிடைக்காது.

கயல்விழி:
கோடு எதற்கு என்பது 2002இல் தெரிந்தது. அமெரிக்க நீதி அமைச்சகத்தில், அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் அலுவலகத்தின் வக்கீல்களான ஜான் யூ எழுதி ஜே பைபீ கையெழுத்திட்ட, பயங்கரவாதக் கைதிகளை விசாரிப்பது பற்றிய குறிப்பு, உறுப்பு செயலிழப்பு அளவுக்கு வலி இருந்தால்தான் உடல் சித்திரவதை என்றது. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, நீதிபதி இல்லை, எல்லாம் ரகசியம். வாதாடும் வக்கீலுக்குள்ள சலுகையை ஆலோசகர் எப்படிக் கேட்க முடியும்? 2009 மே மாதம் செனட் துணைக்குழு முன் லூபன் சாட்சி சொன்னபோது, கைதிகளைத் தண்ணீரால் மூச்சுத் திணறடித்த டெக்சாஸ் ஷெரிப் (உள்ளூர் போலீஸ் தலைவர்) மீது அதே நீதி அமைச்சகம் வழக்குப் போட்டதையும், 1984 மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதைச் சித்திரவதை என்றே குறிப்பிட்டதையும், அந்த அலுவலகத்தின் குறிப்புகளில் அந்த வழக்கு இடம்பெறவே இல்லை என்பதையும் எடுத்து வைத்தார். வகுப்பறை ஆள்தான் சார் இதைச் சொன்னது.

ரகு_திருச்சி:
சரி, பலன்? 2010இல் நீதி அமைச்சகத்தின் மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸ், யூவும் பைபீயும் முடிவெடுத்தது மோசம், ஆனால் தொழில் ஒழுங்கீனம் இல்லை என்று முடித்துவிட்டார். பைபீ மேல்முறையீட்டு நீதிபதியாகவே தொடர்ந்தார்.

கயல்விழி:
தண்டிக்காமல் விட்டது அவர்களுடைய அமைச்சகம். அதற்கு லூபன் எப்படிப் பொறுப்பு?

செஷன்ஸ்கோர்ட்:
ஆலோசகர் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவில் வழக்கில் கட்சிக்காரரை எடைபோடும் உரிமையை வக்கீலிடம் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.