டிராபிக் ஜேமில் சுடுகாற்று, அணைத்துப் போட்டால் மறுபடி குளிர். கார் ஏர்கோனில் (ஏசி) எங்கே கோளாறு?

பிறைக்காரன்:
வணக்கம். என்னுடையது 2002 மாடல் கார், 1.5 இன்ஜின், மீட்டர் 2 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அப்பா ஓட்டிய கார், விற்க மனசு வரவில்லை. வீடு பினாங்குப் பெருநிலத்தில் பிறையில், வேலை தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில். காலையில் பினாங்குப் பாலம் ஏறிப் போகும்போது ஏர்கோன் அருமையாகக் குளிர்கிறது. சாயங்காலம் கிளம்பினால் முதல் இருபது நிமிஷம் ஒன்றுமில்லை, அப்புறம் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் வண்டிகள் ஊரும்போது காற்று மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி, கொஞ்ச நேரத்தில் வெறும் சுடுகாற்று. பாலத்தின் மேல் நிறுத்திப் பார்க்கவும் முடியாது, 13.5 கிலோமீட்டரும் கண்ணாடியை இறக்கிவிட்டு லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே வருகிறேன். ஜேம் விட்டு 70-ல் ஓடினாலும் குளிர் திரும்பாது. ஆனால் பட்டனை அணைத்துப் பத்து பதினைந்து நிமிஷம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி குளிர்கிறது. சில நாள் கோளாறே வராது.

இரண்டு வொர்க்‌ஷாப் பார்த்தாகிவிட்டது. முதல் இடத்தில் குளிர்விக்கும் கேஸ் குறைவு என்று 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) அடைத்தார்கள், நான்கு நாள் நிம்மதி. இரண்டாவது போமனிடம் (மெக்கானிக்) போய் நிற்கும்போதெல்லாம் கார் குளுகுளுவென்று இருக்கிறது, அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கடைசியில் “கம்ப்ரெசர் போச்சு, 750 வெள்ளி” என்றார், கேஸை அழுத்தி ஓட்டும் பம்ப்பைத்தான். தைப்பூசத்துக்கு அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்குள் சரி செய்தாக வேண்டும். நிஜமாகவே கம்ப்ரெசர்தானா?

ஜெலுத்தோங் பையன்:
கேஸ்தான் ப்ரோ. நானும் வருஷத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். பழைய கார் என்றால் அப்படித்தான்.

பழைய போமன்:
தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சாமான் இல்லை, குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். உன் காரில் குறைந்திருந்தால் காலையிலும் அவ்வளவு குளிர் வந்திருக்காது. முதல் கடையில் அளக்காமல் அடைத்திருந்தால் இப்போது அதிகமாகவே இருக்கலாம், அதுவும் வெயிலில் பிரஷரை ஏற்றிவிடும். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் 134ஏ கேஸ் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

நீ பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சுடுகாற்று வருகிற அந்த நேரத்தில் கம்ப்ரெசர் சுற்றுகிறதா இல்லையா. குளிர்ந்து கிடக்கும் காரைக் காட்டினால் எந்தப் போமனும் குத்துமதிப்பாகத்தான் சொல்வான். கம்ப்ரெசரின் முகத்தில் பெல்ட் ஓடுகிற புல்லி எப்போதும் சுற்றும், அதை நம்பாதே. அதற்கு முன்னால் ஒரு தட்டு இருக்கும், அதுதான் கிளட்ச். காந்தம் இழுத்தால் டக்கென்று ஒட்டிச் சுற்றும், விட்டால் நின்றுவிடும். தட்டு சுற்றியும் சுடுகாற்று வந்தால் அது வேறு கதை, பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். தட்டு நின்றுபோயிருந்தால் கிளட்ச் ஒயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டில் பார்க்கச் சொல். வராவிட்டால் ரிலே (கரண்டை விடும் சின்ன சுவிட்ச்), பிரஷர் சுவிட்ச், தெர்மோஸ்டாட் (குளிர் போதுமானால் கம்ப்ரெசரை வெட்டிவிடுவது) என்று பின்னால் தேட வேண்டும். (ஹார்ன் ரிலே ஒரே மாதிரி இருந்தால் மாற்றிப் போட்டுப் பார், காசில்லாத சோதனை.) 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்ச்தான்.

என் சந்தேகம் அங்கேதான். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே. இருபது வருஷம் உரசித் தேய்ந்து அது அகன்றுவிடும். அந்தக் காந்தத்தின் கம்பிச்சுருள் (காயில்) சூடானால் மின்சாரம் குறைந்து காந்தமும் சோர்ந்துபோகும். ஒட்டியிருக்கும் தட்டைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் காந்தம் போதும், விலகி நிற்கும் தட்டை எட்டி இழுக்கத்தான் பலம் வேண்டும். தெர்மோஸ்டாட் ஒரு தடவை வெட்டிவிட்டுத் திரும்பச் சொல்லும்போது இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது, பட்டன் போட்டபடியே இருப்பதால் காயில் ஆறுவதும் இல்லை. நீ அணைத்தால்தான் ஆறுகிறது. கண்டென்சர் ஃபேன் (கேஸின் சூட்டை ஆற்றும் முன்பக்க ஃபேன்) கோளாறாக இருந்தால் 70-ல் ஓடும்போதே காற்றுப் பட்டுக் குளிர் திரும்பியிருக்கும். மழை நாளில் எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை.

செந்தூல்வாசி:
அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் ஐஸ் கட்டுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் காரில் பத்துமலை வரைக்கும் போய் வருவதற்குள் இதே கதைதான், அணைத்து வைத்தால் சரியாகிவிடும். வித்தியாசம் என்னவென்றால் எனக்குக் காற்றே குறைந்துபோனது, புளோவர் இரைகிறது ஆனால் காற்று வெளியே வரவில்லை. கூலிங் காயில் (உள்ளே காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருள்) மேல் ஐஸ் அடைத்திருந்தது. கம்ப்ரெசரை வெட்டிவிட வேண்டிய சென்சர் பழுது, மாற்றியதும் கோளாறு போச்சு. அதற்குள் நான் தேவையில்லாமல் ஒரு புளோவர் மோட்டார் வாங்கிவிட்டேன், அது இன்னும் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. உங்களுக்குக் காற்றின் வேகம் குறைகிறதா?

பிறைக்காரன்:
காற்று குறையவில்லை, அதே வேகம்தான். மழையில் ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது யோசித்தால் கேஸ் அடைத்த அந்த நான்கு நாளும் சாயங்காலம் மழை!

நேற்று வேலை முடிந்து கிளம்பாமல் ஆபீஸ் கார் பார்க்கிலேயே வெயிலில் இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டு உட்கார்ந்திருந்தேன், ஜாகா (காவல்) பையன் இரண்டு தடவை வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனான். முப்பது நிமிஷத்தில் சூடு வந்தது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் ஃபேன் சுற்றுகிறது, புல்லி சுற்றுகிறது, முன்தட்டு அசையாமல் நிற்கிறது. துடைப்பக் கட்டையால் லேசாக ஒரு தட்டு தட்டினேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது, உள்ளே போய் உட்கார்ந்தால் குளிர்! அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பழைய போமன்:
கண்டுபிடித்தது சந்தோஷம், ஆனால் கட்டையை உள்ளே விட்டது மடத்தனம். பெல்ட்டில் சிக்கினால் கட்டை பறக்கும், கூடவே கையும் போகும். இனிமேல் அந்த வேலை வேண்டாம், பார்க்கிறது கண்ணால் மட்டும்.

கம்ப்ரெசரைத் தொட வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை அளக்கச் சொல். பெரும்பாலான பழைய வண்டிகளில் தட்டுக்குப் பின்னால் ஷிம் என்று மெல்லிய வளையம் இருக்கும், ஒன்றைக் கழற்றினால் இடைவெளி குறையும். அளக்காமல் எல்லாவற்றையும் கழற்றினால் தட்டு புல்லியில் உரசிக் கருகும். கழற்ற ஷிம் மிச்சமில்லை என்றால் கிளட்ச் செட் மட்டும் மாற்றலாம், அதற்குப் பெரும்பாலும் கேஸைக்கூட வெளியே விட வேண்டாம்.

பிறைக்காரன்:
அண்ணே, முடிந்தது. மூன்றாவதாக ஒரு சின்னக் கடை, நீங்கள் எழுதியதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டுக் கேஜை எடுத்தார். 0.9 மில்லிமீட்டர். ஒரு ஷிம் கழற்றியதும் 0.5. கேஸையும் அளந்தார், கொஞ்சம் அதிகமாக இருந்ததை எடுத்துவிட்டார். மொத்தம் 70 வெள்ளி. இந்த வாரம் முழுக்க வெயில், முழுக்க ஜேம், ஒரு நாளும் சூடு வரவில்லை.

ஜெலுத்தோங் பையன்:
அப்போ வருஷா வருஷம் எனக்குக் குறைகிற கேஸ் எங்கே போகிறது?

பழைய போமன்:
அதைத்தான் நீ முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டும். ஹோஸ் மூட்டு, கம்ப்ரெசர் மூக்கு, கண்டென்சர் ஓரம், இங்கெல்லாம் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா பார். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கூடவே வரும். ஒன்றும் தெரியாவிட்டால் டை (ஒளிரும் சாயம்) ஊற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டு யூவி லைட் அடிக்கச் சொல். கூலிங் காயில் கசிந்தால் மேலே ஒன்றும் தெரியாது, தண்ணீர் வடிகிற டியூப் வாயில் டை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்.