ஒதுக்கீட்டு வீடு: குடியேறிய பிறகு தெரிந்தவை

புதிய குடியிருப்பு வளாகங்களில் ஒரு பங்கை மலிவு விலை வீடுகளாகக் கட்டித் தர வேண்டும் என்ற உள்ளாட்சி விதியின்படி எனக்கு வீடு கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குலுக்கலில் பெயர் வந்ததும், வருமானச் சான்றுக்காக மூன்று முறை அலைந்ததும் இங்குள்ள பலருக்கும் பழகிய கதைதான்.

என்னைத் தடுமாற வைத்தது பராமரிப்புக் கட்டணம். வீட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்த அந்த விதி, மாதந்தோறும் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் ஒருநாளும் இறங்காத நீச்சல் குளத்துக்கும், எட்டிப் பார்க்காத உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஆகும் செலவை, பரப்பளவைப் பாராமல் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்திருந்ததால், என் வீட்டைப் போல இரண்டு மடங்கு பெரிய வீட்டில் இருப்பவர் கட்டும் தொகையையே நானும் கட்டினேன். பொதுக்குழுவில் இதைக் கேட்டபோது, "விலையில்தான் சலுகை வாங்கிவிட்டீர்களே" என்றார் ஒருவர். சதுர அடி விகிதப்படி மாற்றக் கோரி நாங்கள் பதினொரு குடும்பத்தினர் எழுதிக் கொடுத்து, அது நடைமுறைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. வாசலும் லிஃப்டும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஓர் ஆறுதல். லண்டனிலும் நியூயார்க்கிலும் இத்தகைய வீடுகளுக்குத் தனி வாசல் வைத்தது பெரும் சர்ச்சையாகி, நியூயார்க்கில் 2015-இல் அதற்குத் தடையே வந்தது.

*

மேலே எழுதியவரின் அனுபவத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஓர் உள்ளாட்சியின் திட்டப் பிரிவில் பணியாற்றினேன். மலிவு விலை வீடுகளின் பங்கு பத்து விழுக்காடா, பதினைந்தா என்றும், அதற்கு ஈடாகக் கட்டுமான நிறுவனம் கூடுதலாகக் கட்டிக்கொள்ள அனுமதிக்கும் தளப்பரப்பு எவ்வளவு என்றும் மாதக்கணக்கில் வாதிடுவோம். எத்தனை ஆண்டுகளுக்கு அந்த வீடு மலிவு விலை வீடாகவே நீடிக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் கடைசி நாளில்தான் வரும். என் கணிப்பில் விழுக்காட்டைவிட அதுவே முக்கியம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி கவுண்டி, 1974 முதல் இவ்விதியை நடத்திவரும் முன்னோடி. அங்கு விலைக் கட்டுப்பாடு தொடக்கத்தில் வெறும் ஐந்து ஆண்டுகள்தான். அது முடிந்ததும் வீடுகள் வெளிச்சந்தைக்குப் போய்விடவே, காலத்தை நீட்டிக்கொண்டே வந்து, 2005-இல் விற்பனை வீடுகளுக்கு 30 ஆண்டுகள் ஆக்கினார்கள்.

என் கையில் வந்த ஒரு கோப்பில் மறுவிற்பனைக் கட்டுப்பாடு திட்ட அனுமதி ஆணையில் மட்டும் இருந்தது. கிரயப் பத்திரத்தில் ஏறவில்லை. இரண்டாவதாக வாங்கியவர் தமக்கு எதுவும் தெரியாது என்றார், அதில் உண்மையும் இருந்தது. அந்த வீடு சந்தை விலைக்குக் கைமாறி, எங்கள் கணக்கிலிருந்து நீங்கியது. உங்கள் பத்திரத்தில் அந்த நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். இன்று காலை பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி: பதினைந்து ஆண்டுகள். ஆறு கழிந்துவிட்டன.