நோவா காலத்து வெள்ளம் அப்படியே நடந்ததா? ஒரு விவாதம்

களிமண்பலகை:
பைபிள்ல நோவா பேழை கட்டி, உலகத்தை முங்கடிச்ச வெள்ளத்துல தப்பிச்ச கதை அப்படியே நடந்ததான்னு ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். 1872ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித்னு ஒருத்தர், ஈராக்ல இருக்கற பழைய நகரம் நினிவேல தோண்டி எடுத்த களிமண் பலகைகளை வாசிச்சுட்டு இருந்தப்போ அதுல ஒண்ணுல கப்பல் மலையில தட்டி நிக்குது, புறாவைப் பறக்க விடுறாங்க, அது உக்கார எடம் இல்லாம திரும்பி வருதுன்னு இருந்துச்சு. அதுதான் கில்காமேஷ்ங்கற பழைய பாபிலோன் காவியத்தோட 11வது பலகை. அதுல வெள்ளத்துல தப்பிச்சவன் பேரு உத்னபிஷ்டிம். இதுக்கும் முந்தி அட்ராஹசிஸ்னு இன்னொரு பாபிலோன் வெள்ளக் கதை இருக்கு, அதோட பலகை ஏறக்குறைய கிமு 17ஆம் நூற்றாண்டு. நோவா கதை வர்ற பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமம் எழுதப்படுறதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே பாபிலோன் பக்கம் இந்தக் கதை ஓடிட்டு இருந்திருக்கு. வெள்ளம் வடிஞ்சதும் நோவா பலி குடுக்கறார், "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்"னு வசனம். பாபிலோன் கதையிலயும் அதே மாதிரி பலி, அதே மாதிரி தெய்வங்க வாசனை புடிச்சுட்டு ஈ மாதிரி மொய்க்குதுங்க. இவ்வளவு ஒத்துப்போறப்போ இதை உலகம் முழுக்க முங்கின சம்பவம்னு எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கணுமா?

பேழைக்காரன்:
பிரதர், நீங்க சொன்னதே என் பக்கத்து சாட்சி. ஒரே சம்பவம் நடந்திருந்தா அதைப் பத்தி பல ஜனங்க பேசத்தானே செய்வாங்க? பாபிலோன்காரங்க கலப்படம் பண்ணி வச்சிருந்தாங்க, வேதம் சுத்தமா சொல்லுது. வசனம் ரொம்ப தெளிவு, "வானத்தின்கீழ் எங்குமுள்ள உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டன". இயேசுவே மத்தேயு 24ல நோவாவின் காலத்துல நடந்தது போலன்னு சொல்றார், இல்லாத சம்பவத்தை உதாரணமா சொல்லி அவர் எச்சரிக்கை குடுத்தாருன்னு என்னால நம்ப முடியாது. எவரெஸ்ட் உச்சியில கடல் ஜீவன்களோட எச்சம் இருக்குன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்களே, கடல் அங்க வரைக்கும் எப்படி ஏறிச்சு?

கருங்கல்:
கடல் ஏறல சார், கடல் தரைதான் மேல ஏறிச்சு. எவரெஸ்ட் உச்சியில இருக்கறது சுண்ணாம்புக்கல், ஏறக்குறைய 45 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்சது. இந்தியா உக்காந்திருக்கற பாறைத் தட்டு ஆசியாவை முட்ட ஆரம்பிச்சது சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி, அதுல மடிஞ்சு மேல வந்ததுதான் இமயமலை. இன்னிக்கும் ஏறிட்டுதான் இருக்கு. இந்த சிப்பி கேள்வியை லியனார்டோ டாவின்சி 500 வருஷம் முன்னாடியே கேட்டு பதிலும் எழுதி வச்சிட்டாரு. மலையில சிப்பிங்க அடுக்கு அடுக்கா, உயிரோட இருந்தப்போ கூட்டமா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு, வெள்ளம் அள்ளிட்டு வந்திருந்தா கலைஞ்சு குப்பையா கிடக்கும்னாரு.

தண்ணி கணக்கையும் பாருங்க. எவரெஸ்ட் 8,849 மீட்டர். அது முங்கணும்னா இப்ப கடல்ல இருக்கற தண்ணி மாதிரி மூணு மடங்குக்கும் மேல புதுசா வேணும். வானத்துல ஆவியா இருக்கறது மொத்தமும் ஒரே நேரத்துல கொட்டினா உலகம் பூரா சராசரியா ரெண்டரை சென்டிமீட்டர்தான் நிக்கும். அவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு, அப்புறம் எங்க போச்சு?

இன்னொண்ணு, இதை முதல்ல கைவிட்டவங்க நாத்திகர்கள்னு நினைக்காதீங்க. ஆடம் செட்ஜ்விக் கேம்பிரிட்ஜ்ல புவியியல் பேராசிரியர், ஆங்கிலிக்கன் குருவும் கூட. உலகம் முழுக்க ஒரே வெள்ளம்னு நம்பிட்டு இருந்தவர், 1831ல லண்டன் புவியியல் சங்கத்துல தலைவரா நின்னு அதை வாபஸ் வாங்கினாரு. டார்வின் புத்தகம் வர்றதுக்கு 28 வருஷம் முன்னாடி.

பேழைக்காரன்:
வெள்ளத்துக்கு முந்தி எவரெஸ்ட் இந்த உயரத்துல இருந்துச்சுன்னு நான் எங்க சொன்னேன்? மலைங்க அப்ப தாழ்வா இருந்துச்சு, வெள்ளத்துக்கு அப்புறம்தான் உயர்ந்துச்சு, அப்ப நீங்க சொல்ற மூணு மடங்கு தண்ணி தேவையே இல்ல. அதோட மழை மட்டும் இல்ல, "மகா ஆழத்தின் ஊற்றுக்கண்களெல்லாம் பிளந்தன"ன்னு வசனம் இருக்கு, தண்ணி கீழ இருந்தும் வந்துச்சு. செட்ஜ்விக் மனசு மாறினாருங்கறது அவர் விஷயம், மனுஷன் கருத்து மாறும் வேதம் மாறாது.

கருங்கல்:
சரி, மலை தாழ்வாவே இருந்துச்சுன்னு வச்சுப்போம். ஒரு வருஷத்துல இருந்து சில நூறு வருஷத்துக்குள்ள இமயமலை அந்த உயரத்துக்கு எழும்பணும், கண்டங்கள் நகரணும். அதுல உராய்ஞ்சு வர்ற சூட்டுக்கு கடலே கொதிச்சிருக்கும், மரப்பேழையில யாரும் பிழைச்சிருக்க முடியாது.

காலத்தைப் பாருங்க. அயர்லாந்துப் பேராயர் அஷர் வேதத்துல இருக்கற வயசுகளைக் கூட்டி வெள்ளம் கிமு 2348ன்னு வச்சாரு, உங்க ஆளுங்க நிறைய பேர் அதை ஒட்டித்தான் பேசறாங்க. எகிப்துல குஃபு பிரமிடு அதுக்கு ஏறக்குறைய 200 வருஷம் முந்தியே கட்டி முடிச்சாச்சு. சரியா கிமு 2350 வாக்குல உனாஸ்னு ஒரு ராஜா பிரமிடு கட்டி உள்சுவர் பூரா மந்திரம் செதுக்கி வச்சிருக்கான், அவனுக்கு அப்புறமும் ராஜா மாத்தி ராஜா வந்துட்டே இருக்காங்க. அதே நேரம் ஹரப்பாவுல வடிகாலும் செங்கல் வீடுமா ஊர் நடக்குது. பேழையில இருந்த எட்டு பேர் தவிர எல்லாரும் செத்திருந்தா இவங்க யாரு?

நாகூர்வாசகன்:
ரெண்டு பேருக்கும் சலாம். குர்ஆன்ல நூஹ் நபி, அதாவது நோவா, அவரோட சமுதாயத்துக்கு அனுப்பப்பட்டவர், 950 வருஷம் அவங்ககிட்ட இருந்தார், கேக்கல, அந்த ஜனங்க மூழ்கடிக்கப்பட்டாங்க, கப்பல் ஜூதி மலையில தங்கிச்சு. உலகத்துல இருக்கற எல்லா மலையும் முங்கிச்சுன்னு அதுல வரல. வெள்ளம் அந்த சமுதாயம் இருந்த பகுதிக்கு மட்டும்தான்னு சொல்ற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்காங்க, உலகம் பூராவும்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் முதல் கருத்து. சம்பவம் நடந்துச்சுன்னு முழுசா நம்பறேன், அதுக்காக பாறையோட சண்டை போட வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

பேழைக்காரன்:
பாய், ஒரு பகுதிக்கு மட்டும்னா எதுக்கு பேழை? 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம்னு அவ்வளவு பெருசா கட்டறதுக்கு பதிலா குடும்பத்தைக் கூட்டிட்டு பக்கத்து தேசத்துக்கு நடந்தே போயிருக்கலாமே? பறவையை எதுக்கு உள்ள ஏத்தணும், அது பறந்து போயிடாதா?

நாகூர்வாசகன்:
நல்ல கேள்வி. கப்பல் கட்டினது தப்பிக்கறதுக்கு மட்டும் இல்ல, அந்த ஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கையும்தான். அவர் கட்டக் கட்ட அவங்க கடந்து போறப்போ எல்லாம் பரிகாசம் பண்ணாங்கன்னு வருது. ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போயிருந்தா அந்த எச்சரிக்கை எங்க?

வைகைக்கரை:
நம்ம பக்கத்து கதையையும் இதே தராசுல வைங்க. சதபத பிராமணம்ங்கற பழைய வேத நூல்ல மனு கை கழுவறப்போ ஒரு சின்ன மீன் வருது, வெள்ளம் வரும்னு சொல்லுது, கப்பலை மீனோட கொம்புல கட்டறார், வடக்கு மலையில போய் நிக்குது. பாகவதத்துக்கு வர்றப்போ அதே ஆள் சத்தியவிரதன்ங்கற திராவிட தேசத்து ராஜாவா ஆயிடறார், மீன் கிடைக்கற எடம் கிருதமாலா நதி, அது நம்ம மதுரை வைகைதான்னு சொல்றாங்க. அங்க பாபிலோன்காரனுக்கு நிசிர் மலை, எபிரேயருக்கு அரராத், குர்ஆன்ல ஜூதி. ஒவ்வொரு ஊரும் தன் ஆத்துக்கும் தன் மலைக்கும் கதையைக் கொண்டு வந்துடுது. எல்லாமே எழுத்துக்கு எழுத்து உண்மைன்னா ஒரே கப்பல் இத்தனை எடத்துல தரை தட்டியிருக்கணும்.

குமரிக்கண்டம்னு பொங்கற நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு. சிலப்பதிகாரத்துல "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள"ன்னு வர்றது அருமையான வரி, கடல் கொஞ்சம் நிலத்தைத் தின்ன நினைவு அதுல இருக்கலாம். ஆனா இறையனார் அகப்பொருள் உரை சொல்ற முச்சங்க கணக்கைப் பாருங்க. 4440 வருஷம், 3700 வருஷம், 1850 வருஷம். மூணையும் 370ஆல வகுங்க, 12, 10, 5ன்னு மீதியே இல்லாம வரும். நடந்த ஆட்சிக்காலம் இப்படி வகுபடாது, யாரோ உக்காந்து போட்ட கணக்கு இது. தமிழன்ங்கறதுக்காக நான் இதை அப்படியே நம்பிட்டு நோவாவை மட்டும் கேள்வி கேட்டா அது நேர்மை இல்ல.

களிமண்பலகை:
வைகைக்கரை அண்ணா சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா கட்டுக்கதைன்னு தூக்கிப் போடவும் மனசு வரல. ஈராக்ல லியனார்டு வூலிங்கற தொல்லியல் அறிஞர் ஊர்ங்கற பழைய நகரத்துல தோண்டறப்போ மூணு மீட்டர் வரைக்கும் சுத்தமான வண்டல் படிவு கிடைச்சுச்சு, நோவா வெள்ளம் கிடைச்சிடுச்சுன்னு 1929ல உலகம் பூரா பேச்சு. அப்புறம் பாத்தா கொஞ்ச தூரத்துல இருக்கற எரிதுங்கற பழைய நகரத்துல அது இல்ல. ஷுருப்பக்ங்கற இன்னொரு பழைய நகரத்துல கிமு 2900 வாக்குல வேற ஒரு வெள்ளப் படிவு கிடைச்சுச்சு, உத்னபிஷ்டிம் ஊர் அதுதான்னு கில்காமேஷ்லயே வருது. யூப்ரடிஸும் டைக்ரிஸும் பொங்கினா அந்த சமவெளியில கண்ணுக்கெட்டற தூரம் தண்ணிதான், நடுவுல மாட்டினவனுக்கு அதுதான் மொத்த உலகமும்.

2014ல பிரிட்டிஷ் மியூசியம் அறிஞர் இர்விங் ஃபிங்கல் வெளியிட்ட பாபிலோன் களிமண் பலகையில அந்தப் பேழை வட்டமா இருக்கு, கயிறைச் சுருட்டி சுருட்டி வச்சு கீல் (தார் மாதிரி) பூசின பெரிய பரிசல். நோவாகிட்டயும் "உள்ளும் புறம்புமாகக் கீல் பூசு"ன்னுதானே சொல்லப்படுது. ஒகேனக்கல்ல பரிசல் ஏறினவங்களுக்கு அது எப்படிப்பட்ட ஆத்துக்காரன் மூளையில இருந்து வந்துச்சுன்னு புரியும். அதைச் சின்ன அளவுல கேரளாவுல கட்டி தண்ணியில விட்டுப் பாத்தாங்க, கசிஞ்சுச்சு ஆனா மிதந்துச்சு.

கதை நினைவைக் காப்பாத்தும்ங்கறதுக்கு சிமெலூ தீவு இருக்கு, சுமத்ராவுக்குப் பக்கம். 1907ல அங்க சுனாமி வந்து நிறைய பேர் செத்தாங்க, அப்ப இருந்து கடல் உள்வாங்கினா மலைக்கு ஓடுன்னு பாட்டி பேரனுக்குக் கதையா சொல்லிட்டே வந்தாங்க. 2004 டிசம்பர் 26, எழுபதாயிரத்துக்கும் மேல ஜனம் இருந்த தீவுல அலைக்குப் பலியானவங்க 7 பேர். நம்ம நாகப்பட்டினத்துல நமக்கு அப்படி ஒரு கதை இருந்திருந்தான்னு நான் நினைக்காத நாள் இல்ல.

பேழைக்காரன்:
சிமெலூ விஷயம் எனக்குப் புதுசு, நன்றி பிரதர். ஆனா எனக்கு இன்னொரு கேள்வி இருக்கு. ஆதியாகமம் 9ல இனி ஜலப்பிரளயத்தால பூமியை அழிக்க மாட்டேன்னு தேவன் வானவில்லை மேகத்துல வச்சு உடன்படிக்கை பண்றார். அந்த வெள்ளம் வெறும் யூப்ரடிஸ் ஆத்து வெள்ளம்னா, அதுக்கப்புறம் அந்த மாதிரி ஆயிரம் வெள்ளம் வந்தாச்சு, 2004ல எங்க குடும்பத்துலயே ரெண்டு பேரை கடல் எடுத்துட்டுப் போச்சு. அப்ப அந்த வாக்குறுதி என்ன ஆச்சு? உலகம் முழுக்கன்னு எடுத்தாதான் அது இன்னும் நிக்குது.

கருங்கல்:
உங்க இழப்புக்கு வருந்தறேன் சார். அந்த உடன்படிக்கை கேள்வி கனமானது, அதுக்கு என் படிப்புல பதில் இல்ல, விசுவாசிகள்தான் பேசணும். ஆனா வாக்குறுதி நிக்கணும்ங்கறதுக்காக பாறை வேற மாதிரி சாட்சி சொல்லாது. ஜப்பான்ல சுய்கெட்சு ஏரி அடியில வருஷத்துக்கு ஒரு வெளிர் படிவு ஒரு கருத்த படிவுன்னு பல பத்தாயிரம் வருஷத்துக்கு மேல வரிசையா இருக்கு. உலகமே முங்கியிருந்தா அந்த வரிசை இப்படி நின்னிருக்காது.

பேழைக்காரன்:
அந்த ஏரியைப் பத்தி தமிழ்ல எதாவது இருந்தா லிங்க் போடுங்க. வாசிச்சிட்டு வர்றேன், ஆனா நான் வசனத்தை விட்டு நகர மாட்டேன்.