4 லட்சம் கடன் வாங்கி எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தால் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்குமா?

கேள்வி – தேனிச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவள். இளங்கலை வரலாறு முடித்திருக்கிறேன். அப்பா விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருபவர். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு நடக்கவிருந்த திருமணத்தை நிறுத்த வந்த அம்மையார், அவளுடைய தாயின் அருகில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசியதைப் பார்த்த நாள் முதல் சமூகப்பணி படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

இப்போது சென்னையில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி, களப்பணிக்கான போக்குவரத்து எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுகளுக்கு 4 லட்சம் ரூபாய் ஆகும்; வங்கியில் 11 சதவீத வட்டி சொல்கிறார்கள். மதுரையில் அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். படித்து முடித்தபின் கடனையும் அடைத்து, வீட்டுக்கும் ஏதாவது கொடுக்க முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 – களப்பணியாளர்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் பார்த்த அந்த அம்மையாரைப் போலவே நானும் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலர்) மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய் எனத் தொகுப்பூதியம் வகுத்திருக்கிறார்கள். இரண்டுமே ஒப்பந்தப் பணிகள். அகவிலைப்படியோ ஓய்வூதியமோ கிடையாது. பாதுகாப்பு அலுவலர் பணிக்கு முன் அனுபவம் கேட்பதால், புதிதாக வருபவர் முதல் எண்ணை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

நான் உதவி பெறும் பிரிவில் படித்ததால் என் கடன் ஒரு லட்சத்தோடு நின்றது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த தோழி ஒருத்தி பெரிய கடனோடு வந்தாள். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. தவணை கட்ட முடியாமல் இரண்டாம் ஆண்டே ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவுக்குப் போய்விட்டாள். அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

பதில் 2 – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அம்மா, கணக்கைத் தெளிவாகப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் வாங்கி, படிப்புக் காலத்தோடு மேலும் ஓராண்டு, தவணை கட்டத் தேவையில்லாத சலுகைக் காலமும் எடுத்துக்கொண்டால், தனிவட்டி மட்டுமே 1,10,000 ரூபாய் சேர்ந்து கடன் 5,10,000 ஆகும். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 8,730 ரூபாய் கட்ட வேண்டும். மேலே சகோதரி சொன்ன 18,536 ரூபாயில் அது போனால் மிஞ்சுவது 9,800. வாடகையும் சாப்பாடும் அதற்குள்தான். பத்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 7,025 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் சலுகைக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. அது தொழிற்படிப்புகளுக்கு உரியது என்பதால், உங்கள் கல்லூரியும் படிப்பும் அதில் அடங்குமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்பதே மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின் விதி. ஆனாலும் அப்பா இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார். நீங்கள் தவறினால் வங்கி அவரிடமும் கேட்கும். இதை அவருக்கு உட்கார்ந்து விளக்கிவிடுங்கள், தயவுசெய்து.

பதில் 3 – மனநலப் பிரிவு

எம்.எஸ்.டபிள்யூ.வில் எடுக்கும் சிறப்புப் பிரிவைப் பொறுத்து வருமானம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனிதவளம் எடுத்தவர்கள் தொழிற்சாலைப் பக்கம் போகிறார்கள். 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதிதான் அந்தக் கதவைத் திறந்தது. மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்தால் மருத்துவமனைகளில் வேலை உண்டு. எனினும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளர் என்று ஏற்க, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பின் மனநலச் சமூகப்பணியில் இரண்டு ஆண்டு எம்.ஃபில். கேட்கிறது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டிய படிப்பு அது. அந்த இரண்டு ஆண்டும் பழைய கடனின் வட்டி நிற்காது. குழந்தைகள் நலம்தான் உங்கள் மனத்தில் இருக்கிறது என்றால், பணத்துக்காக மனிதவளம் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடனைச் சிறிதாக்குவதே உங்களுக்கான வழி.

தேனிச்சாரல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் 8,730 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மதுரைக்காரங்க எப்பச் சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டார். அங்கே இடம் கிடைக்காவிட்டால், ஓராண்டு ஏதாவது தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். களப்பணியாளர் அக்கா, இளங்கலைப் பட்டத்தோடு உங்கள் அலகில் புறப்பணியாளராக (அவுட்ரீச் ஒர்க்கர்) சேர முடியுமா?