52,000 கிலோமீட்டர் ஓடிய ஹோண்டா சிபிஆர் பைக்கா, 14,000 ஓடியதா? டெல்டா பக்கம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாறு_மன்னை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மன்னார்குடி, வயது 36. இத்தனை வருஷமும் 125 சிசி வண்டிதான் ஓட்டினேன். தங்கையைக் கோவையில் கொடுத்திருக்கிறது, மாதம் ஒரு தடவையாவது தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகப் போய் வருகிறேன். முதுகு தாங்கவில்லை, லாரியை முந்தும்போது வண்டியில் இழுவையும் இல்லை. நெடுந்தூரத்துக்கென்றே செய்த வண்டி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புதிது வாங்க வழியில்லை, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் இருப்பது 1,10,000 ரூபாய், அதற்கு மேல் கிடையாது.

ஹோண்டா சிபிஆர் 250ஆர் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2012 மாடல், தஞ்சாவூர் வண்டி, டிஎன் 49, ஒரே ஓனர், 52,000 கிலோமீட்டர். தினமும் வேலைக்கு ஓட்டுகிறார். இடது பக்க பிளாஸ்டிக் மூடியில் (ஃபேரிங்) கீறல், சீட்டைத் தைத்திருக்கிறார்கள், 75,000 சொல்கிறார். இன்னொன்று 2013, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்) உள்ளது, டிஎன் 51, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோர ஊர். மீட்டரில் 14,000தான். ஓனர் சிங்கப்பூர் போய்விட்டார், ஐந்தாறு வருஷமாகக் கொல்லைப்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. அவருடைய மச்சான் விற்கிறார், 95,000. ஒரு கீறல் இல்லை, ஷோரூமில் எடுத்த மாதிரி இருக்கிறது. எனக்கு மனசு அதில்தான் நிற்கிறது. வீட்டிலும் அதையே எடு என்கிறார்கள். வாங்கினவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

குடமுருட்டி_பாபநாசம்:

தம்பி, தஞ்சாவூர் வண்டியை விட்டுவிடாதே.

என்னுடையது 2011, இந்தியாவில் இந்த வண்டி வந்த முதல் வருஷம். 91,000 தாண்டிவிட்டது, இன்ஜினை இன்னும் திறக்கவில்லை. ஃபில்டரோடு ஆயில் மாற்றினால் ஒன்றரை லிட்டர் பிடிக்கும், 10டபிள்யூ-30 ஊற்று, நாள் தவறாதே, அந்த இன்ஜினுக்கு அதுவே பாதி வைத்தியம். டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, ஷிம் என்ற சின்னத் தகடு வைத்துச் சரிசெய்யும் வகை. ராக்கர் ஆர்மை நகர்த்தினாலே ஷிம்மை மாற்றலாம், கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் ஃபீலர் கேஜ் வைத்து அளக்கத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், காதில் கேட்டுத் திருகுகிறவரிடம் கொடுத்துவிடாதே.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போ, நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடு. போனதும் இன்ஜின் மேல் கையை வை. சூடாக இருந்தால் வேறொரு நாள் வா. சாவி போட்டதும் எஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் அந்த விளக்கும் எரியும், வண்டி நகர்ந்த பிறகுதான் அணையும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. அப்புறம் நின்றபடியே ஓடவிடு, சூடேறினால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், அது சுற்றும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டு நில். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி ஹேண்டிலை விரலால் மெதுவாகத் திருப்பிப் பார், நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. இந்த வண்டியில் அது அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1813 என்று இருந்தால் 2013இன் 18ஆம் வாரம் செய்தது. 14,000 ஓடிய வண்டியில் அந்த டயரே இருக்க வாய்ப்பு உண்டு. டயர் பட்டன் தேயாமல் அழகாக இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது.

பட்டறை_திருவாரூர்:

சார், எனக்குத் திருவாரூரில் பட்டறை, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஓடிக் கெட்ட வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் அதிகம்.

போன வருஷம் வேதாரண்யம் பக்கமிருந்து ஒருவர் இதே மாதிரி நிறுத்திவைத்த வண்டியை வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. டேங்கில் கிடந்த பெட்ரோலை வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினேன், துணியில் டீத்தூள் மாதிரித் துரு தங்கியது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதன் வலையை அந்தத் துரு அடைத்து மோட்டாரும் போய்விட்டது. இப்போது பங்கில் கிடைப்பது இ20 பெட்ரோல், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தினால் உள்ளே என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது, வயலை ஒட்டிய கொட்டகையில் இது சகஜம். ஒயரையும் கடித்திருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று எனக்கு.

ஆகவே நாகப்பட்டினம் வண்டியைப் பார்க்கப் போனால் டார்ச் எடுத்துப் போய் டேங்குக்குள் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர் தகட்டை நகத்தால் லேசாகத் தொடுங்கள், உப்புக்காற்று பட்ட அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் பச்சையோ நீலமோ இல்லாமல் செம்மண் தண்ணீர் நிறத்தில் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த அன்று இந்த வண்டி எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் ஏபிஎஸ் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வருஷக்கணக்கில் பிரேக் ஆயில் மாற்றாமல் நின்றால் உள்ளே பிஸ்டன் இறுகிவிடும், அதைச் சரிசெய்வது சாதாரண டிஸ்க் பிரேக் வேலை மாதிரி இல்லை.

கரிஸ்மா_பட்டுக்கோட்டை:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். மாதம் ஒரு கோவைப் பயணத்துக்கு லிக்விட் கூல் வண்டி எதற்கு? என் நண்பருக்கு இதே வண்டி, குளித்தலைக்கு அருகில் ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. அங்கே ஹோஸ் கிடைக்கவில்லை, ஆட்டோவில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனோம். நான் ஓட்டுவது பழைய கரிஸ்மா, 2003இல் வந்ததே அந்த 223 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், கார்புரேட்டர். எந்த ஊர்ப் பட்டறையிலும் திறந்து மூடுவார்கள்.

குடமுருட்டி_பாபநாசம்:

கரிஸ்மா நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் கரிஸ்மாக்கள் பெரும்பாலும் 15 வருஷம் தாண்டியவை. ஆர்சி புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தால் ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். தம்பி பார்க்கும் 2012 வண்டிக்கும் 2027இல் அந்த 15 வருஷம் முடிகிறது, வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்தால் இன்னும் ஐந்து வருஷம் நீட்டிப்பார்கள். இதையும் சொல்லி விலை பேசு. ஹோஸ் விஷயம் சரி, ரப்பர் எப்படியும் ஒரு நாள் போகத்தான் போகும். வாங்கின அன்றே மாற்றிவிட்டால் ராத்திரியில் நிற்க வேண்டியதில்லை.

வெண்ணாறு_மன்னை:

எல்லோருக்கும் நன்றி, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போனேன்.

முதலில் நாகப்பட்டினம். தார்ப்பாயை எடுத்ததும் மறுபடியும் அதே ஆசை வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தோம், உள்சுவர் முழுக்கப் பழுப்பு. மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம். பின்டயர் அண்ணன் சொன்ன மாதிரியே 2013இல் செய்தது, பக்கவாட்டில் மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடிப்பு. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்து தூசியோடு காய்ந்திருந்தது. பேட்டரி கட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்றார், முடியவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம், மற்ற இடமெல்லாம் காலி. அவரோடு போனில் பேச வேண்டும் என்றேன், அப்புறம் பேசலாம் என்றார். எழுந்து வந்துவிட்டோம். மெக்கானிக் போட்ட கணக்கில் அதைச் சாலையில் இறக்க மேலும் 40,000 ஆகும்.

மாலையில் தஞ்சாவூர். இன்ஜின் குளிர்ந்திருந்தது. ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றியது. கோன்செட் நடுவில் நிற்கிறது, செயின் தொங்குகிறது. அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் 2012இலிருந்து பேனாவில் எழுதியிருக்கிறார், நடுவில் ஒரு பக்கம் மழையில் நனைந்து மை கரைந்திருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்ததும் முடிவு பண்ணிவிட்டேன். 69,000க்கு முடிந்தது, முன்பணம் கொடுத்தாயிற்று. கடன் இல்லாத ஆர்சி. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸ் மாற்றமும் இந்த வாரமே.

மீதி 41,000 இருக்கிறது, முழுவதையும் செலவழிக்க மாட்டேன். எதை முதலில் செய்வது?

பட்டறை_திருவாரூர்:

நல்ல முடிவு சார். முதலில் கூலன்ட் ஹோஸ்கள், புதுக் கூலன்ட், முன்னும் பின்னும் பிரேக் ஆயில். அடுத்து கோன்செட். செயினை மட்டும் தனியாக மாற்றாதீர்கள், இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பற்சக்கரம்) சேர்த்தே மாற்றுங்கள், பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். சீட்டும் கீறலும் காத்திருக்கட்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு. தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும் வயல் பக்கம் போய்வந்தால் பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டரில் அடைந்துகொள்ளும், ஃபேன் ஓயாமல் சுற்றினால் அதைத்தான் முதலில் பாருங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராகக் காட்டினால் தகடு மடங்கிவிடும். பங்குனியில் உளுந்து, பயறுச் செடியை ரோட்டில் பரப்பிவைப்பார்கள், அதன்மேல் வேகமாகப் போகாதீர்கள். வழுக்கும், கொடி செயினிலும் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் கையை விடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே கோவைக்குக் கிளம்ப வேண்டாம். தஞ்சாவூருக்கு இரண்டு தடவை போய் வாருங்கள், மறுநாள் காலை வண்டி குளிர்ந்ததும் டப்பாவில் கூலன்ட் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.